ஒரு மணி நேரத்தில் ஊர் பார்க்க

ஜார்ஜ்டவுன், பினாங்கு
ஞாயிறு மாலை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். எனக்கு முட்டி வலி இருக்கிறது. அதை எழுதாதே என்று அம்மா சொல்லியிருக்கிறாள், ஆகவே நீ அதைப் படிக்கவில்லை.

டிசம்பரில் வரும்போது சின்னவனுக்கு ஊரைக் காட்ட ஒரு மணி நேரம்தான் கிடைக்கும், அதற்குள் எதைப் பார்க்கலாம் என்று வாட்ஸப்பில் கேட்டிருந்தாய். அந்தச் சின்னப் பெட்டிக்குள் எனக்குப் பதில் எழுத வராது. அதனால் இன்று காலை ஏழரைக்கு நானே ஒரு தடவை நடந்து பார்த்துவிட்டு வந்தேன். மணிக்கூண்டிலிருந்து நாகூர் தர்கா வரை ஒரு கிலோமீட்டர் சொச்சம். உன் நடைக்கு இருபது நிமிஷம். நான் வீடு திரும்பும்போது அம்மா மதியச் சோற்றை வடித்துவிட்டாள்.

மணிக்கூண்டு உனக்கு மறந்திருக்காது. விக்டோரியா ராணி பட்டமேறி 60 வருஷம் ஆனதற்காக 1897இல் சியா சென் இயோக் என்ற சீனத் தவுக்கே (பெரிய முதலாளி) தன் காசில் கட்டிக்கொடுக்க முன்வந்தது. வருஷத்துக்கு ஓர் அடி என்று 60 அடி உயரம். கட்டி முடித்தது 1902இல். அதற்கு முந்தின வருஷமே ராணி போய்ச் சேர்ந்துவிட்டாள். இரண்டாம் உலகச் சண்டைக்காலத்தில் பக்கத்தில் விழுந்த குண்டில் கூண்டு லேசாகச் சாய்ந்துபோனது. ஆறு வயதில் நீ அதன் எதிரே நின்று, தலையை அந்தப் பக்கமாகச் சாய்த்து, "இப்ப நேரா இருக்குப்பா" என்பாய். இன்று நானும் அப்படிச் சாய்த்துப் பார்த்தேன். பஸ்ஸுக்கு நின்ற ஒரு மலாய்ப் பையன் கழுத்துப் பிடிப்பா அங்கிள் என்று விசாரித்தான்.

எதிரே கார்ன்வாலிஸ் கோட்டை. 1786இல் கிழக்கிந்தியக் கும்பினிக்காகப் பினாங்கைக் கைக்கொண்ட பிரான்சிஸ் லைட் இறங்கிய இடம். காட்டை வெட்ட ஆள் வராததால் பீரங்கியில் வெள்ளிக்காசைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டான், காசு பொறுக்கப் போனவர்கள் காட்டை வெட்டிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கும்பினிக்காரன் காசைச் சுடுகிறவனா? முதலில் மரக்கழிகளை நட்டுக் கட்டிய அரண்தான். செங்கல் சுவர் எழும்பியது 1800க்குப் பிறகு. இத்தனை ஏற்பாடு செய்தும் இந்தக் கோட்டை ஒரு சண்டையைக்கூடப் பார்த்ததில்லை.

அங்கே லைட்டுக்கு ஒரு சிலை இருக்கிறதல்லவா? அது 1936இல் செய்தது. மனிதர் 1794இலேயே காய்ச்சலில் இறந்துவிட்டார், முகம் எப்படி இருந்தது என்று பார்க்க ஒரு படமும் இல்லை. ஆகவே அவர் மகன் வில்லியமின் சாயலைப் பார்த்து முகத்தை வடித்தார்கள். அந்த வில்லியம் லைட்தான் நீ இருக்கும் அடிலெய்டு நகரத்துக்கு 1836இல் இடம் தேர்ந்தெடுத்துத் தெருக்களை வகுத்தவர். பிறந்தது இங்கே கெடாவில். உங்கள் ஊர் மாண்டிஃபியோரி குன்றில் சிலையாகக் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாரே, அவரேதான். போனவருஷம் நாங்கள் வந்தபோது நீ எங்களை அங்கே கூட்டிப்போனாய். "இந்த ஆளை எங்கேயோ பார்த்திருக்கேன்" என்று அம்மா சொன்னாள், நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நான் கேட்டாகிவிட்டது, நீயும் கேள்.

கோட்டைச் சுவரில் கடலைப் பார்த்து ஒரு பெரிய வெண்கலப் பீரங்கி இருக்கும். பெயர் ஸ்ரீ ரம்பாய். டச்சுக்காரன் 1603இல் வார்த்தது. ஜொகூர் சுல்தானுக்குப் போய், ஆச்சே படை அதைத் தூக்கிப்போய், பிறகு சிலாங்கூருக்கு வந்து, 1871இல் வெள்ளைக்காரன் இங்கே கொண்டுவந்தான். கொஞ்ச காலம் கடலுக்கடியில் கிடந்தது, கெடா இளவரசர் துங்கு கூடின் கூப்பிட்டதும் தானாக மிதந்து மேலே வந்தது என்பார்கள். பிள்ளையில்லாத பெண்கள் அதன் வாயில் பூ வைத்து வேண்டிக்கொள்வார்கள்.

இதை உனக்கு நாங்கள் சொன்னதில்லை. கல்யாணமாகி ஆறு வருஷம் எங்களுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத வைத்தியம் இல்லை. ஒருநாள் வேலை முடிந்து வரும்போது உன் அம்மா என்னைக் கோட்டைக்குக் கூட்டிப்போனாள். கைப்பையிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஒரு முழம் மல்லிகையை அந்தப் பீரங்கியின் வாய்க்குள் மெதுவாகத் தள்ளினாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டு வைத்தாள். நான் யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த வருஷம் நீ. நான் இன்றும் அதையும் இதையும் முடிச்சுப் போடுவதில்லை. அவள் போடுகிறாள். நீ மூன்று வயதில் அந்தப் பீரங்கி மேல் ஏறி உட்கார்ந்து குதிரை ஓட்டியபோது, இறங்கு என்று நான் அதட்டினேன். விடுங்க என்றாள். அப்போது உனக்குப் புரிந்திருக்காது.

அங்கிருந்து லைட் ஸ்ட்ரீட் வழியாக வந்தால் செயின்ட் ஜார்ஜ் மாதா கோயில். மாதா கோயில் என்றால் கிறிஸ்தவர்கள் திருத்துவார்கள், அது ஆங்கிலிக்கன் தேவாலயம். 1818இல் கட்டியது, வெள்ளைத் தூண்களோடு பார்க்க அழகு. கட்டியது யார் தெரியுமா? இந்தியாவிலிருந்து கப்பலில் கொண்டுவரப்பட்ட கைதிகள். வழிகாட்டிகள் தூணைக் காட்டுவார்கள், படத்துக்கு நில்லுங்கள் என்பார்கள், கைதியைப் பற்றிக் கேட்டால்தான் சொல்வார்கள். சின்னவனிடம் நீ சொல்லு.

அப்புறம் பிட் ஸ்ட்ரீட், இப்போது மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் சாலை. சீனரின் கருணைத் தெய்வம் குவான் யின் கோயிலில் ஊதுபத்திப் புகை கண்ணை எரிக்கும், பையனுக்கு இருமல் என்றால் வெளியிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளுங்கள். குயின் ஸ்ட்ரீட்டில் நம் மாரியம்மனுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. 1833இல் எழுந்த கோயில், விஜயதசமி இரவில் அம்மன் தேரேறி இதே தெருக்களைச் சுற்றுவாள்.

கப்பித்தான் பள்ளிவாசலில் கொஞ்சம் நில்லுங்கள். 1801இல் காதிர் முகைதீன் கட்டியது, அவர்தான் அந்தக் கப்பித்தான், தமிழ் முஸ்லிம்களின் தலைவர். பள்ளிக்கூடத்தில் ஒருத்தன் உன்னைக் கெலிங் என்றான் என்று நீ அழுதுகொண்டு வந்தாயே, இந்தியரை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்தான் இங்கே பதவிப் பெயராகப் பலகையில் நிற்கிறது. அன்றைக்கே உன்னை இங்கே கூட்டிவந்து காட்டியிருக்கலாம். கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் சூலியா ஸ்ட்ரீட், நாகூர் தர்கா. சாகுல் ஹமீது ஆண்டவர் அடங்கியிருப்பது நாகூரில், இது அவர் நினைவுக்கு எழுப்பியது. உன் தாத்தா ரஜூலா கப்பலில் ஏறுமுன் நாகூரில் முடிந்துவைத்த காசை, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்புக் கொட்டகையில் அடைந்து கிடந்து வெளியே வந்ததும், இங்கேதான் கொண்டுவந்து போட்டார். கடலுக்கு இந்தப் பக்கமும் அதே ஆண்டவர் இருக்கிறாரே என்று அவருக்குத் தைரியம் வந்ததாம். பட்டையடித்த சைவர். சாகும்வரை வருஷா வருஷம் கந்தூரிக்குச் சர்க்கரை வாங்கிக் கொடுப்பார்.

இன்று தர்கா எதிரே அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து ஒரு தே குடித்தேன். சர்க்கரை போடாமல்தான், அம்மா நம்பவில்லை.

ஆக, காலையில் ஏழரைக்கே கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு மேல் வெயில் மண்டையைப் பிளக்கும். சின்னவனுக்குத் தொப்பியும், கழற்றி மாட்ட லேசான செருப்பும் போதும், கயிறு கட்டுகிற சப்பாத்து வேண்டாம், கோயில் கோயிலாகக் கழற்ற வேண்டும். பூ வாங்குவதை அம்மா பார்த்துக்கொள்வாளாம். உன் ஐ.சி. அடையாள அட்டையை மறக்காமல் எடுத்து வா, கோட்டையில் மலேசியருக்கு டிக்கெட் விலை குறைவு. பேரனுக்கு வெளிநாட்டுக்காரன் விலை கேட்பார்கள். அதை நான் கவுண்டரில் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா