தள்ளிவைக்கப்படும் மனைவிக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆபிரகாமும் யாக்கோபும் தாவீதும் பல மனைவியரோடு வாழ்ந்ததைக் காட்டி, பலதார மணத்துக்கு வேதாகமத்தின் ஒப்புதல் உண்டு என்று சென்ற இதழின் கட்டுரை முடிவு கட்டியிருக்கிறது. அது சரியல்ல. வேதம் அந்தக் குடும்பங்களைப் புகழவில்லை. முதன்முதலாக இரண்டு பெண்களைக் கட்டியவனாக ஆதியாகமம் 4-ஆம் அதிகாரம் காட்டும் லாமேக்கு, கொலையைப் பாட்டாய்ப் பாடிப் பெருமையடித்தவன். ஆபிரகாமின் மனைவி சாராள், அவனுக்கு மறுமனைவியான ஆகாரைக் கடினமாய் நடத்தினாள். யாக்கோபின் மனைவியர் ராகேலும் லேயாளும் பிள்ளைக்காகப் போட்டியிட்டார்கள். பெனின்னாள் தன் சக்களத்தி அன்னாளை அழவைத்தாள். சாலொமோனின் 700 மனைவியரும் 300 மறுமனையாட்டிகளும் அவன் இருதயத்தை வழுவப்பண்ணினார்கள் என்று 1 இராஜாக்கள் 11 வெளிப்படையாகவே சொல்கிறது.

மோசேயின் சட்டமாகிய நியாயப்பிரமாணம் பலதார மணத்தை முற்றாகத் தடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதில் சிக்கிய பெண்ணுக்கு வேலி போட்டது. அடிமையாய் வந்து மனைவியானவள் இருக்க, வேறொருத்தியையும் கொண்டால், முதல்வளுக்கு அன்னம், வஸ்திரம், விவாக கடமை மூன்றிலும் குறை வைக்கக்கூடாது. வைத்தால் அவள் பணம் கொடுக்காமலே விடுதலையாகப் போகலாம் (யாத்திராகமம் 21:10-11). வெறுக்கப்பட்டவளின் மகன் தலைப்பிள்ளையானால் இரட்டைப் பங்கு அவனுக்கே (உபாகமம் 21:15-17). மனைவி உயிரோடிருக்க அவள் சகோதரியை மணக்க லேவியராகமம் 18:18 தடை விதிக்கிறது. அரசனும் அநேகம் ஸ்திரீகளைச் சேர்க்கலாகாது என்கிறது உபாகமம் 17:17. இயேசுவோ, விவாகரத்தைப் பற்றிக் கேட்டவர்களை ஆதாம் ஏவாளிடமே அழைத்துப் போனார். ஒருவனுக்கு ஒருத்தி என்பதைத் திருச்சபை ஊன்றியிருக்கும் இடம் அதுதான்.

கட்டுரை தொடாத கேள்வி ஒன்று உண்டு. ஏற்கெனவே மூன்று மனைவியர் உள்ளவர் ஞானஸ்நானம் கேட்டு வந்தால் என்ன செய்வது? ஆப்பிரிக்கத் திருச்சபைகள் தலைமுறை தலைமுறையாகப் போராடிய கேள்வி இது. 1888-இல் லண்டனின் லம்பெத்தில் கூடிய ஆங்கிலிக்கன் (இங்கிலாந்து சபை மரபைச் சேர்ந்த) பேராயர்கள், அப்படிப்பட்ட ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது, போதனையில் வைத்துக் காத்திருக்கச் செய்யலாம் என்று தீர்மானித்தார்கள். அவருடைய மனைவியரை மட்டும் சில சூழல்களில் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆகவே ஞானஸ்நானம் வேண்டுமென்றால் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டிய நிலை. அனுப்பப்பட்டவளுக்கு நிலமில்லை, வீடில்லை. பிள்ளைகள் தகப்பன் குலத்தோடு நின்றுவிடுவார்கள். விவாகரத்தைக் கண்டித்த சபையே விவாகரத்தைக் கட்டாயமாக்கியது. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிப் பேராயர் கொலென்சோ 1855-லேயே இதை எதிர்த்து எழுதினார், அன்று எடுபடவில்லை.

1888 தீர்மானத்துக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1988 லம்பெத் மாநாட்டின் 26-ஆம் தீர்மானம் வழி திறந்தது. ஒருதார மணமே தேவனுடைய திட்டம் என்பதை அது விட்டுக்கொடுக்கவில்லை. ஆனால் விசுவாசிக்கும் மனைவியரோடும் பிள்ளைகளோடும் பல மனைவியர் உள்ளவர் ஞானஸ்நானமும், விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்கான திடப்படுத்தலும் பெறலாம். மனந்திரும்பியபோது இருந்த மனைவியரில் எவராவது உயிரோடிருக்கும் வரை இனி மணம் செய்வதில்லை என்று அவர் வாக்குக் கொடுக்க வேண்டும். உள்ளூர்ச் சபை சம்மதிக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கு நேரும் சமூக இழப்பைக் கருதி, எவரையும் தள்ளிவிடும்படி அவரைக் கட்டாயப்படுத்தக்கூடாது.

கத்தோலிக்க வழி வேறு. 1983 திருச்சபைச் சட்டத்தின் 1148-ஆம் விதிப்படி, முதல் மனைவியோடு தொடர்வது கடினமானால், திருமுழுக்குப் பெற்றவர் மற்றவர்களில் ஒருத்தியை வைத்துக்கொண்டு, அவளைச் சட்டமுறைப்படி மணக்க வேண்டும். விலக்கப்படும் பெண்களின் தேவைகள் நீதியோடும் அன்போடும் நிறைவேற்றப்படுவதை ஆயர் உறுதிசெய்ய வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. நடைமுறையில் கோட்டை விடக்கூடிய இடம் இதுவே: திருமுழுக்கு ஒரு நாளில் முடிந்துவிடும், பராமரிப்போ ஆயுள் முழுவதும் தொடர வேண்டியது. என் மனம் 1988 தீர்மானத்தின் பக்கமே நிற்கிறது, ஏனென்றால் அது அந்தப் பெண்ணை வீட்டைவிட்டே வெளியேற்றுவதில்லை.

பலதார மணம் பற்றி மீண்டும் எழுதும்போது, தாவீதின் மனைவியரை எண்ணுவதோடு நிறுத்தாமல் இந்தத் தீர்மானங்களையும் வாசகர் முன் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்