பீரோவுக்குள் பூஞ்சை பிடிக்கும் நுண்ணோக்கிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலூர், சிதம்பரம் பக்கத்துப் பள்ளிகளிலும் சிறிய ரத்தப் பரிசோதனை நிலையங்களிலும் நுண்ணோக்கி பழுதுபார்ப்பது என் தொழில். பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டால் கைபேசிக்கு ஓய்வே இருக்காது. "சார், எந்த சிலைடை வைத்தாலும் மங்கலாகவே தெரிகிறது" என்பதுதான் பாதி அழைப்புகள். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பூஞ்சை. இதைத் தடுக்கப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. என் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாலும் பரவாயில்லை என்றுதான் இதை எழுதுகிறேன்.

அக்டோபரில் மழை தொடங்கும் முன்பே கருவியை பிளாஸ்டிக் உறையோடு இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். விலை உயர்ந்த பொருள், தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம். அது நியாயம்தான். ஆனால் டிசம்பர் வரை கடற்கரைக் காற்றின் ஈரம் அந்த உறைக்குள்ளேயே அடைந்து கிடக்கிறது. லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய இழைகள் சிலந்தி வலை போலக் கிளைத்திருக்கும். ஆரம்பத்திலேயே பார்த்தால் துடைத்துவிடலாம். விட்டுவிட்டால் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிடும். அப்புறம் எதைப் போட்டுத் துடைத்தாலும் தெளியாது. நம் ஊர் வெக்கை இந்தக் கருவிக்கு ஆகாது என்பது பழைய சங்கதி. 1897-இல் செகந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ், தன் வியர்வை பட்டே நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்துப் போனதாக எழுதியிருக்கிறார்.

பிளாஸ்டிக்குக்குப் பதில் பருத்தித் துணியில் உறை தைத்துப் போடலாம். பீரோவில் ஒரு சின்னத் துணிப்பையில் நீல சிலிக்கா ஜெல் வைக்கலாம். ஈரம் குடித்ததும் அது இளஞ்சிவப்பாகிவிடும். ஆய்வகத்தில் உள்ள ஓவனில் (சூடாக்கும் மின்சாரப் பெட்டி) சூடாக்கினால் மறுபடி நீலமாகும். (வீட்டு வாணலியில் வறுக்க வேண்டாம், அந்த நீலத்தைத் தரும் கோபால்ட் உப்பு உடம்புக்குக் கெடுதல்.) முன்பெல்லாம் பீரோவுக்குள் 40 வாட் குண்டு பல்பு எரியவிடுவார்கள், அந்தச் சூட்டில் ஈரம் தங்காது. சமீபத்தில் ஒரு பள்ளியில் அதே ஹோல்டரில் எல்.இ.டி. பல்பு மாட்டி வைத்திருந்தார்கள். வெளிச்சம் வரும், சூடு எங்கே வரும்? எல்லாவற்றையும்விட, வாரம் ஒருமுறையாவது கருவியை வெளியே எடுத்து மாணவர்கள் கையில் கொடுங்கள்.

பிள்ளைகள் உடைத்துவிடுவார்கள் என்பார்கள். நான் பார்த்தவரை உடைவது பெரும்பாலும் ஒரே இடம்தான்: 40 மடங்கு பெரிதாக்கும் 40எக்ஸ் லென்ஸின் முனைக் கண்ணாடி. அந்த லென்ஸுக்கும் சிலைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் இடைவெளிகூட இருக்காது. பிள்ளைகள் கண்ணை வைத்துப் பார்த்தபடியே, படத்தைத் தெளிவாக்கும் பெரிய திருகைத் திருப்பிக்கொண்டே போவார்கள். சிலைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர்சிலிப் நொறுங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் தலையைத் தூக்குவார்கள். முதலில் 10எக்ஸ் லென்ஸை வைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்து, சிலைடை லென்ஸுக்கு அருகே கொண்டுவர வேண்டும். பிறகு கண்ணை வைத்து, விலக்கிக்கொண்டே போனால் படம் தெளியும். 40எக்ஸுக்கு மாற்றிய பிறகு பெரிய திருகைத் தொடவே கூடாது, சின்னத் திருகு மட்டும்தான். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு பீரியட் போதும்.

விளக்குக்குப் பதில் அடியில் வெளிச்சத்தைத் திருப்பிவிடும் கண்ணாடி வைத்த பழைய மாடல் இருக்கும் பள்ளிகளுக்கு இன்னொன்று. வெளிச்சம் போதவில்லை என்று வராந்தாவுக்குக் கொண்டுபோய், கண்ணாடியை நேராகச் சூரியனுக்குத் திருப்புகிறார்கள். இது விளையாட்டல்ல, பார்வையே போய்விடும். வெயில் நேராக விழாத ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்துத் திருப்பினால் போதும். தூக்கிப் போகும்போது ஒரு கை பிடியில், மறு கை அடியில். ஒற்றைக் கையில் சாய்த்துத் தூக்கினால் மேலே சும்மா செருகியிருக்கும் ஐபீஸ் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நழுவிக் கீழே விழும்.

பரிசோதனை நிலையத்துக்காரர்களுக்கு: 100எக்ஸ் லென்ஸில், பார்ப்பதற்காகச் சிலைடில் விடும் எண்ணெயை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சீடர்வுட் எண்ணெய் என்றால் காய்ந்து கெட்டியாகிவிடும். லென்ஸ் பேப்பரால் ஒற்றி எடுங்கள்; கர்ச்சீப்பும் துப்பட்டா நுனியும் வேண்டாம். எண்ணெயைக் கரைக்கும் சைலீன் திரவம் பேப்பரில் ஒரு துளிக்கு மேல் கூடாது, லென்ஸை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும்.

கல்வித்துறைக்கு ஒரு கோரிக்கை. நுண்ணோக்கி வாங்கும் அதே ஆர்டரில் துணி உறை, சிலிக்கா ஜெல், லென்ஸ் பேப்பர் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். தலைமையாசிரியர்கள் தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே பீரோவைத் திறந்து பார்த்துவிட்டால் நல்லது. முதல் நாள் சாயங்காலம் கூப்பிட்டால் நான் எந்த ஊரில் எந்த லென்ஸைக் கழற்றிக்கொண்டிருப்பேனோ தெரியாது.

இப்படிக்கு,
நுண்ணோக்கி மெக்கானிக்,
கடலூர்.