நாணயச் சேகரிப்பாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் நிர்வாகிகளுக்கும் வந்திருக்கற உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு கணக்கை அடுத்து பொருளாளர் படிப்பாரு, அதனால நான் அதுக்குள்ள போகல. மழையால விட்டுப்போன நவம்பர் தவிர எல்லா மாசமும் கூட்டம் நடந்துச்சு.

போன பொதுக்குழுவுல முடிவு பண்ணபடி இந்த வருஷம் முழுக்க ஒரே தலைப்புதான், 19-ஆம் நூற்றாண்டுல பிளாட்டினம் என்ன விலை வித்துச்சுங்கறது. ஒரு உலோகத்துக்கு ஒரு வருஷமான்னு கேட்டவங்க உண்டு, ஆனா நம்மகிட்ட வர்ற கேள்வியில பாதி 'இந்தக் காசு என்ன விலை போகும்'ங்கறதுதான், விலை எப்படி ஏறுது எப்படி இறங்குதுன்னு புரிஞ்சுக்க இதைவிட நல்ல உலோகம் கிடையாதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன், இப்பவும் அதையேதான் சொல்றேன்.

முதல் ரெண்டு கூட்டமும் லண்டன் கதை. 1800 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் வுல்லஸ்டன், டெனன்ட்னு ரெண்டு ஆங்கில வேதியியல் அறிஞர்கள் கூட்டு சேர்ந்து தென் அமெரிக்காவுல இருந்து வந்த பிளாட்டினத் தாது 5,959 அவுன்ஸை (ஒரு அவுன்ஸ் சுமார் 31 கிராம்) 795 பவுண்டுக்கு வாங்குனாங்க. பவுண்டுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், வகுத்துப் பாத்தா அவுன்ஸ் 2 ஷில்லிங் 8 பென்ஸ்தான். அப்போ நாணயச்சாலை கணக்குல சுத்தத் தங்கம் அவுன்ஸ் கிட்டத்தட்ட 85 ஷில்லிங், அதாவது தங்கத்துல 32-ல ஒரு பங்கு! ஏன் இவ்ளோ மலிவுன்னா அதை வச்சு யாராலயும் ஒண்ணும் செய்ய முடியல, 1768 டிகிரி சூடு இருந்தாதான் உருகும், அந்தக் காலத்து உலையில அது நடக்காது. நகைப்பட்டறை வச்சிருக்கற நம்ம உறுப்பினர் ஒருத்தர் வுல்லஸ்டன் செஞ்ச முறையை அழகா விளக்குனாரு, ராஜ திராவகத்துல, அதாவது தங்கத்தையே கரைக்கற அமிலக் கலவையில கரைச்சு, நவச்சாரம்ங்கற உப்பு போட்டு படிய வச்சு, அதைச் சுட்டா வர்ற பொடியை ஈரத்தோட அழுத்தி, திரும்ப சூடு காட்டி அடிச்சு தகடாக்கறது. அப்படி பதமான பிளாட்டினத்தை துப்பாக்கி செய்யறவங்களுக்கும் மத்தவங்களுக்கும் அவுன்ஸ் சுமார் 16 ஷில்லிங்னு வித்திருக்காரு. உலோகம் அதேதான், கைவேலை தெரிஞ்சதுக்குத்தான் அந்த ஆறு மடங்கு. அந்த ரகசியத்தை 1828-ல சாகறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடிதான் வெளிய சொன்னாரு.

அதே 1828-லதான் ரஷ்யா பிளாட்டினத்துல காசு அடிக்க ஆரம்பிச்சது. நான் இந்த வருஷத்துல ரொம்ப ரசிச்ச கூட்டம் இதான். யூரல் மலைப்பக்கம் 1824 வாக்குல ஆத்து மணல்ல நிறைய கிடைச்சது, நிதியமைச்சர் கான்கிரின் இதை காசாக்கலாமான்னு ஜெர்மன் விஞ்ஞானி ஹம்போல்ட்டுக்கு கடிதம் எழுதி கேட்டாரு, சந்தை விலை நிலையா நிக்காது வேண்டாம்னுதான் அவர் பதில் எழுதுனாரு. ஆனாலும் 3 ரூபிள் வந்துச்சு, அடுத்த வருஷம் 6, அதுக்கடுத்த வருஷம் 12. 3 ரூபிள் காசு 10.35 கிராம், அகலம் நம்ம 5 ரூபா பித்தளைக் காசு அளவுதான். அன்னிக்கு ரெண்டு 5 ரூபா காசை ஒண்ணா டேப் போட்டு ஒட்டி எல்லார் கையிலயும் கொடுத்தோம், அது 12 கிராம், அதுல கொஞ்சம் குறைச்சு நினைச்சுக்கங்க, அவ்ளோ கனமும் ஒரே காசுல. கையில வாங்குன சின்னப் பையன் ஒருத்தன் ரொம்ப நேரம் திருப்பிக் கொடுக்கவே இல்ல.

அரசாங்கம் போட்ட விலையில ஒரு கிராம் பிளாட்டினம் சுமார் 29 கோபெக் (100 கோபெக் ஒரு ரூபிள்), வெள்ளியைப் போல அஞ்சு மடங்கு, தங்கத்துல மூணுல ஒரு பங்குக்கு கொஞ்சம் மேல. காசு மேல அடிச்ச விலை அசையாது, ஆனா வெளிச் சந்தை விலை யார் சொல்லையும் கேக்காதே, அது கீழ போயிட்டா கள்ளக்காசு அடிச்சு உள்ள கொண்டுவந்தாலே லாபம்னு பயம். 1844-ல கான்கிரின் பதவியை விட்டு விலகுனாரு, 1845-ல எல்லாக் காசையும் திரும்ப வாங்கிட்டாங்க. 3 ரூபிள் 13 லட்சத்துக்கு மேல அடிச்சிருக்காங்க, 12 ரூபிள் 3,500 கூட இல்ல. ஹம்போல்ட் பேச்சை கேட்டிருக்கலாம், ஆனா கேட்டிருந்தா நமக்கு இப்படி ஒரு காசே இருந்திருக்காது.

நம்ம ஊர்ல பவுன்னு சொல்றமே, அந்த சாவரின் காசையே 1860, 70கள்ல பிளாட்டினத்துல அடிச்சு மேல தங்க முலாம் பூசி ஏமாத்தியிருக்காங்க, ஸ்பெயின் தங்கக் காசுலயும் இதே வேலை. ஈயம் பித்தளைன்னா தராசுலயே மாட்டிக்கும், பிளாட்டினம் கனமான உலோகம், அதனால எடை பாத்தா சந்தேகம் வராது, தங்கத்தைவிட அவ்ளோ மலிவா இருந்ததுக்கு இதைவிட சாட்சி வேணுமா. பழைய பவுன் வச்சிருக்கறவங்க விளிம்புல முலாம் தேஞ்சு வெள்ளையா தெரியுதான்னு ஒரு தடவை பாத்துருங்க.

ரஷ்யக் காசு நின்னதுக்கப்புறம் விஷயம் வேகமா மாறுச்சு. 1850கள் கடைசியில டெவில், டெப்ரேன்னு ரெண்டு பிரெஞ்சு வேதியியல் அறிஞர்கள் பிளாட்டினத்தை சுண்ணாம்பு உலையில உருக்கிக் காட்டுனாங்க, 1889-ல உலகத்துக்கே மூல அளவா வச்ச மீட்டர் கோலும் கிலோ எடைக்கல்லும் பிளாட்டினம் 90 இரிடியம் 10 கலவையில வந்துச்சு, அந்தக் கல்லோட நகலா டெல்லியில இருக்கற நம்ம நாட்டு 57-ஆம் நம்பர் கிலோவும் அதே கலவைதான். கண்ணாடிக்குள்ள கம்பியை சேர்க்க பல்புக்கு பிளாட்டினம் தேவைப்பட்டதால 1890 வாக்குல விலை திடீர்னு எகிறி மறுபடி இறங்குச்சு. ஆனா அந்த நூற்றாண்டு முடியற வரைக்கும் தங்கத்தைத் தாண்டல.

ஒரு வருத்தம் சொல்லணும். கண்காட்சிக்கு அடிச்ச ஃப்ளெக்ஸ்ல 795 பவுண்டை 7,950-னு போட்டுட்டாங்க, நாம எழுதிக் கொடுத்தது சரியாத்தான் இருந்துச்சு, பாக்க வந்த பள்ளிப் பிள்ளைங்க அதை அப்படியே நோட்டுல எழுதிட்டுப் போனது எனக்கு இன்னும் மனசுல உறுத்துது. அந்தப் பள்ளிக்கு திருத்தம் எழுதி அனுப்பியாச்சு.

வர்ற வருஷத்துக்கு நிக்கல் காசுகளை எடுக்கலாம்னு செயற்குழு சொல்லுது. விலைப்பட்டியல் கொண்டு வர்றவங்க எந்த வருஷம், என்ன எடை, அன்னிக்கு தங்கம் என்ன விலைன்னு மூணையும் சேர்த்து எழுதிட்டு வாங்க. சந்தா பாக்கி உள்ளவங்க கிளம்பறதுக்கு முன்னாடி பொருளாளர்கிட்ட கட்டிருங்க.