சர் ராபர்ட் பீல் அவர்களுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சர் ராபர்ட் பீல் அவர்களுக்கு,

வணக்கம். ராபர்ட் என்ற தங்கள் பெயரின் செல்லச் சுருக்கத்தால்தான் லண்டன் காவலர்களுக்கு ‘பாபி’ என்ற பெயர் வந்தது என்பது பலருக்கும் தெரியும். 1829-இல் தாங்கள் அமைத்த அந்தக் காவல்படையைப் பற்றி நிறையவே எழுதிவிட்டார்கள். நான் எழுத விரும்புவது, பிரிட்டனின் அமைச்சராகவும் பிரதமராகவும் இருந்த தாங்கள் இரண்டு முறை மனம் மாறியதைப் பற்றி.

லங்காஷயரில் பருத்தித் தொழிலால் செல்வம் சேர்த்த குடும்பத்தில் 1788-இல் பிறந்து, 21 வயதிலேயே நாடாளுமன்றம் சென்றவர் தாங்கள். கத்தோலிக்கர்களுக்கு அங்கே இடம் தரக்கூடாது என்று நெடுங்காலம் வாதாடிய தாங்களே, அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூளக்கூடும் என்று உணர்ந்ததும், 1829-இல் அவர்களுக்கு அந்த உரிமையை வழங்கும் மசோதாவைக் கொண்டுவந்தீர்கள். அதற்கு முன்பே ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத் தொகுதியைத் துறந்து, மீண்டும் வாக்காளர்களிடம் சென்று தோற்றீர்கள். கொள்கை மாறியவர் தொகுதியையும் திருப்பித் தர வேண்டும் என்று நினைத்த அந்த நாணயம் என்னை மிகவும் கவர்கிறது.

தானியச் சட்டங்களின் கதை இன்னும் பெரியது. உள்நாட்டில் கோதுமை விலை உயர்ந்தே இருக்க வேண்டும் என்பதற்காக 1815 முதல் வெளிநாட்டுத் தானியத்துக்குத் தடையும் பின்னர் வரியும் போட்ட அந்தச் சட்டங்கள், நிலக்கிழார்களைக் காத்தன. ரொட்டி வாங்கும் ஏழையோ அதற்கு விலை கொடுத்தான். 1841-இல் அந்த நிலக்கிழார்களின் ஆதரவில்தான் தாங்கள் ஆட்சிக்கு வந்தீர்கள். 1845-இல் அச்சட்டங்களை நீக்கப் போராடிய ரிச்சர்ட் காப்டன் நாடாளுமன்றத்தில் அவற்றை எதிர்த்துப் பேசியபோது, தாங்கள் எழுதிவைத்திருந்த குறிப்புகளைக் கசக்கிவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம், ‘இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும், என்னால் முடியாது’ என்றதாகச் சொல்வார்கள். தோற்றுவிட்டோம் என்று உள்ளூர ஒப்புக்கொண்ட ஒரு மனிதரின் கையை அந்தக் காட்சியில் பார்க்கிறேன்.

அந்த ஆண்டே அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகியது. ஒரு லட்சம் பவுனுக்கு அமெரிக்க மக்காச்சோளத்தை ரகசியமாக வாங்கினீர்கள். அந்தக் கடின மணிகளைச் சரியாக அரைக்கவும் சமைக்கவும் தெரியாமல் உண்டவர்களின் வயிறு கெட்டது. அதன் மஞ்சள் நிறத்தைப் பார்த்துப் ‘பீலின் கந்தகம்’ என்று பெயரிட்டார்கள். ஆனாலும் அது சிலருக்காவது சோறாயிற்று.

1846 மே மாதம், தானியச் சட்டங்களை நீக்கத் தாங்களே கொண்டுவந்த மசோதா மக்களவையில் 327-க்கு 229 என்ற வாக்குகளில் நிறைவேறியது. தங்கள் கட்சியினரில் மூன்றில் இரண்டு பங்கினர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அதே கட்சியைச் சேர்ந்த டிஸ்ரேலி தங்களைத் துரோகி போலவே சித்திரித்தார். ஜூன் 25 அன்று பிரபுக்கள் சபை மசோதாவை ஏற்ற அதே இரவில், அயர்லாந்துக்கான அடக்குமுறை மசோதாவில் தங்கள் அரசு 73 வாக்குகளில் வீழ்ந்தது. இங்கேதான் தங்களுடன் எனக்குச் சண்டை: பட்டினி கிடந்த நாட்டுக்கு அந்த வேளையில் அப்படியொரு மசோதாவைக் கொண்டுவந்தது எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

1850 ஜூன் 29 அன்று லண்டனின் கான்ஸ்டிடியூஷன் ஹில் சாலையில் குதிரையிலிருந்து விழுந்து, மூன்று நாட்கள் வலியில் கிடந்து ஜூலை 2 அன்று மறைந்தீர்கள். அந்த நாட்களில் தங்கள் வீட்டு வாசலில் கூடி, உடல்நிலை பற்றிய சேதிக்காகக் காத்து நின்றவர்களில் ஏழை உழைப்பாளிகளும் இருந்தார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகன்