மாமா வைத்த வேம்பு

பாளையங்கோட்டை,
ஆவணி முதல் வாரம்.

அன்புள்ள பேச்சிக்கு,

கோமு எழுதுகிறேன். பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆவணியில் பதில். திட்டுவதை எல்லாம் நேரில் வரும்போது திட்டிக்கொள். இங்கே எல்லாரும் சுகம். இவுகளுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சின்னவள் வள்ளியூருக்கு மாற்றலாகிப் போய்விட்டாள். சரசு டீச்சரைக் கோயிலில் பார்த்தேன். நீ இன்னும் அந்தக் கணக்கைப் போட்டு முடிக்கவில்லை என்று சொன்னேன், அவ்வளவு சிரிப்பு அவர்களுக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருமுனை வேம்பில் பாதி ஒடிந்து விழுந்துவிட்டது. பதறாதே, மரம் நிற்கிறது. ஆனால் உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஆனித் தேர் முடிந்து நாலாம் நாள் ராத்திரி. இந்த மாதங்களில் குற்றாலத்துக்குச் சாரல், நமக்கு வெறும் காற்று, உனக்குத் தெரியாததா! பத்து மணிக்கு மேல் படாரென்று ஒரு சத்தம். டிரான்ஸ்பார்மர் வெடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால், டீக்கடைப் பக்கம் போகிற பெரிய கிளை அடியோடு பிளந்து இஸ்திரி வண்டி மேல் கிடக்கிறது. வண்டி அப்பளமாகிவிட்டது. பகலில் அந்த இடத்தில்தான் இஸ்திரிக்காரர் நின்றிருப்பார். பக்கத்திலேயே எதிர்வீட்டுப் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு எனக்குத் தூக்கமே இல்லை.

விடிந்ததும் தெருவே கூடிவிட்டது. வெட்டிவிட வேண்டும் என்று ஒரே பேச்சு. எதிர்வீட்டு அண்ணாச்சி, ‘நாளைக்கு என் பேரன் மேல விழுந்தா நீங்களா பதில் சொல்வீங்க?’ என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவர் கேட்டது நியாயம்தானே? மரத்தைப் பிடிக்காதவர் இல்லை அவர், பேரனை நினைத்துப் பயந்தவர். என்ன சொல்வதென்று தெரியாமல், இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ரம்பக்காரரைக் கூப்பிட்டு நாமே வெட்டிவிடவும் முடியாது. அரசு இடத்தில் நிற்கிற மரத்துக்குக் கலெக்டர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு என்று ஒன்று இருக்கிறது, அதன் அனுமதி வேண்டும். அந்த விதியால் கிடைத்த இரண்டு நாளில் மதினியின் தம்பியை வரவழைத்தேன். வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். என் கல்யாணத்தில் மாலையைத் தொலைத்தாரே, அவரேதான்.

வந்தவர் மரத்தை அரை மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஒடிந்த இடத்தில் கையை விட்டார், முழங்கை வரை போயிற்று. உள்ளே இருந்து ஒரு பிடி அள்ளிக் காட்டினார், ஈரமான காப்பிப் பொடி மாதிரி இருந்தது. எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் கம்பிக்கு இடைஞ்சல் என்று யாரோ கிளையைப் பாதியில் வெட்டி, ஒரு முழம் கட்டையை நீட்ட விட்டுப் போயிருக்கிறார்கள். கட்டை உளுத்து, உளுப்பு கிளை பிரிகிற கவை வரைக்கும் இறங்கிவிட்டது. காற்று வந்தது கடைசியில்தான் பேச்சி, மரத்தை ஒடித்தது அந்த வெட்டு.

அதே மரத்தில் இன்னொரு இடத்தையும் காட்டினார். கிளை தண்டோடு சேருகிற இடத்தில் கழுத்துப்பட்டை மாதிரி ஒரு தடிப்பு இருக்கும். அதைத் தொடாமல், அதை ஒட்டி வெளியே அறுத்தால் மரம் தானாகவே காயத்தை மூடிக்கொள்ளுமாம். அப்படி அறுபட்ட ஒரு பழைய காயம், சுற்றிலும் பட்டை தடித்து, நடுவில் சின்னக் குழியோடு, அசல் உளுந்தவடை. நான் விரலால் தடவிப் பார்த்தேன், வழுவழுவென்று இருந்தது. பெரிய கிளை என்றால் முதலில் கீழிருந்து கொஞ்சம் அறுத்துக்கொள்ள வேண்டும், அப்புறம் கொஞ்சம் தள்ளி மேலிருந்து அறுத்துக் கிளையை இறக்க வேண்டும், கடைசியில்தான் மிச்சக் கட்டையை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளை விழும்போது தண்டுப் பட்டையையும் உரித்துக்கொண்டு போய்விடும். ஒரே தடவையில் தழையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது, உச்சியை மொட்டையடிக்கவே கூடாது. மொட்டையடித்த இடத்தில் துளிர்க்கிற கொப்புகள் மேலோடு ஒட்டிக்கொண்டுதான் நிற்கும், அடுத்த காற்றுக்கு அதுதான் முதலில் விழும் என்றார். ஊரெல்லாம் மொட்டையடித்து வைத்திருக்கிறோமே என்று எனக்குத் திக்கென்றது.

இனிமேல் எழுதுவதைக் கோபப்படாமல் படி. நாலு வருஷத்துக்கு முன்னால் தெருவுக்கு பேவர் கல் பதித்தார்கள். மரத்தடியில் மண்ணாக விடவா என்று அந்த ஆள் என்னிடம்தான் கேட்டார். சருகு கூட்டி மாளவில்லை, மழைக்குச் சகதி, மூடிவிடுங்கள் என்று நான்தான் சொன்னேன். தண்டை ஒட்டிச் சிமெண்டு போட்டார்கள், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வேரில் சத்து இழுக்கிற பங்கில் பெரும்பகுதி மேல் இரண்டு அடி மண்ணுக்குள்தான் இருக்கிறது என்று மதினியின் தம்பி சொன்னபோது எனக்கு உடம்பே கூசிப்போயிற்று. கடப்பாரையால் சிமெண்டைப் பெயர்த்தோம். கல்லும் கல்லும் சேருகிற இடுக்கில் தண்ணீர் சொட்டுகிற கோடு தெரியுமே, அந்தக் கோட்டை ஒட்டியே முடி மாதிரி வெள்ளை வேர்கள் ஓடியிருந்தன. வேறு எங்கும் இல்லை. மாமா வைத்த மரத்துக்குத் தண்ணீரை அடைத்தவள் நான். அன்றைக்கு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சிமெண்டு இருக்கக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவு போட்டதாம். நமக்கு யாரும் உத்தரவு போட வேண்டாம், இப்போது நாலு பக்கமும் மூன்றரை அடி மண் விட்டாயிற்று. முதல் குடம் தண்ணீரை எதிர்வீட்டு அண்ணாச்சிதான் ஊற்றினார்.

எனக்கு இப்போது ரோட்டில் போனால் வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. ஆணி அடித்து போர்டு மாட்டிய வாகை, கேபிள் கம்பி பட்டைக்குள் புதைந்துபோன புங்கை. விழாவுக்கு விழா கன்று நடுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், அடுத்த சித்திரையில் இரும்புக் கூண்டு மட்டும் நிற்கிறது. தென்காசி ரோட்டை அகலமாக்கியபோது போன மரங்களுக்கு ஈடாக எத்தனை கன்று வைத்தாலும், நாலு வருஷம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் வெயில்தான் மிச்சம். கிளை விழுந்த மறுநாளிலிருந்து இஸ்திரிக்காரர் இரவல் வண்டியை நிழலுக்காகத் தள்ளிக்கொண்டே திரிகிறார். நம் வீட்டு மேல்சுவர் ராத்திரி ஒன்பது மணிக்கும் சுடுகிறது. அந்தக் கிளை இத்தனை வருஷமாக என்ன வேலை பார்த்தது என்று கையை வைத்தால் தெரிகிறது.

பள்ளிக்கூடத்தில் திருப்புடைமருதூர் கூட்டிப் போனார்களே, மருத மரமெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பறவை, உன் பாவாடையில் எச்சம். அந்தக் கிராமத்து மரங்களையும் பறவைகளையும் ஊர்க்காரர்களே காத்துவந்ததால்தான் 2005இல் அதைப் பாதுகாப்பு இருப்பிடமாக அறிவித்தார்கள். நாட்டிலேயே அந்த வகையில் முதலாவது அதுதான். அவர்களுக்கு முடிந்தது நமக்கு முடியாதா?

இங்கே பன்னிரண்டு வீடு சேர்ந்திருக்கிறோம். தெருவில் பதினான்கு மரம். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பக்கம், எப்போது யார் வெட்டினார்கள், எங்கே பொந்து, எங்கே கம்பி. வருஷா வருஷம் வைகாசிக்குள், காற்றுக்கு முன்னால், ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கம்பிக்கு வெட்ட வருகிற ஆட்களோடு நாங்களும் கூட நிற்போம். உன் பக்கத்துத் தெருக்காரர்களிடமும் சொல், உன் வாய்க்கு எல்லாரும் கேட்பார்கள்.

வேம்புக்குக் காய்ந்த மரத்தை எடுத்தாயிற்று, பாரம் குறைத்தாயிற்று. இரண்டு வருஷம் பார்ப்போம், தேறிவிடும் என்கிறார் மதினியின் தம்பி. வெட்டுக்குக் கீழே செம்புக் கலரில் துளிர் விட்டிருக்கிறது.

நோட்டில் அதன் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. மாமா சைக்கிள் கேரியரில் பால் டின்னோடு அந்தக் கன்றைக் கொண்டுவந்தபோது நாம் ஏழாம் வகுப்பா, எட்டாம் வகுப்பா? உன் தம்பியிடமும் கேட்டு வருஷத்தை எழுது. இந்தத் தடவை தாமதிக்காமல் எழுது.

உன்,
கோமு