எமது வாசிப்பு வாரத்துக்குக் கைகொடுத்த ஊரவருக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

தேசிய வாசிப்பு மாதமாகிய ஒக்டோபரில், எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் திங்கள் முதல் வெள்ளி வரை நடத்திய வாசிப்பு, மொழி, சுற்றாடல் வாரம் இனிதே நிறைவுற்றது. காலபோக விதைப்புக்காக வயல் பண்படுத்தும் நாட்களில் ஒரு நாள் உழவும் ஒரு நாள் கூலியும் எவ்வளவு பெறுமதியானவை என்பதை நாம் அறிவோம். அவற்றை விட்டுவிட்டுப் பிள்ளைகளிடம் வந்த உங்களுக்கு வாசலில் நின்று சொன்ன நன்றி போதாது என்று கருதியே இம்மடலை எழுதுகிறோம்.

2009 இல் இடம்பெயர்ந்தபோது பாடசாலை நூலகத்தை முழுதாக இழந்தோம். இன்றும் எம்மிடம் இருப்பவை இரண்டு அலுமாரிகளே. பிரதேச சபைப் பொது நூலகம் எழுபது நூல்களை ஒரு வாரத்துக்கு இரவல் தந்ததுடன், நூலகர் அவர்கள் தரம் 1, 2 பிள்ளைகளுக்கான பெரிய எழுத்து நூல்களைத் தாமாகவே பிரித்துத் தனியாகக் கட்டியும் தந்தார். புலம்பெயர்ந்து வாழும் பழைய மாணவர்கள் முதலில் திறன்பலகை ஒன்று அனுப்ப விரும்பினார்கள். எமக்குப் பாய்களும் கதைப் புத்தகங்களும் போதும் என்று நாம் எழுதியபோது, அவர்கள் மனம் கோணாமல் அவற்றையே வாங்கித் தந்தார்கள். கதிரையில் பத்து நிமிடம் இருக்க நெளிகிற பிள்ளைகள், அந்தப் பாய்களில் குப்புறப் படுத்து இடைவேளை மணி அடித்தும் எழும்பாமல் வாசித்ததைக் கண்டபோது, கேட்டதைச் சரியாகத்தான் கேட்டோம் என்ற நிறைவு எமக்கு உண்டானது.

செவ்வாய்க்கிழமை வந்தவர் எம் மாணவி ஒருத்தியின் தந்தை. வவுனியாவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே ஓடும் பேருந்தின் நடத்துநர். அவர் வகுப்பறை வாசலில் ஒரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு என்று பேருந்தில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட, பிள்ளைகள் பெயர்களை ஓடி ஓடி எழுதினார்கள். பின்னர் தாம் அறிந்த விசுவமடு, கற்சிலைமடு, முரசுமோட்டை, வட்டக்கச்சி முதலிய ஊர்களையும் சேர்த்து, குளம், மடு, மோட்டை என்று முடியும் பெயர்களைத் தனித்தனியே பிரித்தார்கள். நீரை வைத்தே இத்தனை ஊர்களுக்குப் பெயரிட்டிருக்கிறார்கள் என்பதை எவரும் சொல்லிக் கொடுக்காமல் கண்டுபிடித்தவர்கள் தரம் 4 பிள்ளைகள். இரணை என்றால் இரட்டை என்று அறிந்ததும், இரணைமடுவில் மற்ற மடு எங்கே என்று கேட்டு எம்மைத் திணற வைத்தவர்களும் அவர்களே.

கிளிநொச்சியில் நொச்சி எங்கே என்று ஒருவன் கேட்டிருந்தான். மறுநாள் காலை அவனுடைய அம்மம்மா சாக்கு ஒன்றில் நொச்சிக் கிளைகளைக் கட்டிக்கொண்டு வந்து, இலையைக் கசக்கி ஒவ்வொரு பிள்ளையின் உள்ளங்கையிலும் வைத்து, தடிமனுக்கு ஆவி பிடிக்கும் முறையையும் சொல்லித் தந்தார். வாசிப்பு வாரத்தில் எங்களுக்குக் கிடைத்த மிகச் சிறந்த பாடம் இது என்பது என் தனிப்பட்ட கருத்து.

புதன்கிழமை குளம் பார்க்கச் செல்வதற்கு வாகனம் தருவதாக உறுதியளித்தவர் வரவில்லை. அதைப் பற்றி மேலும் எழுத விரும்பவில்லை. உழுதுகொண்டிருந்த இயந்திரத்தைக் கலப்பை கழற்றிப் பெட்டி பூட்டிக் கொண்டுவந்த இளைஞருக்கும், அந்தப் பெட்டியில் வைக்கோல் பரப்பிப் பிள்ளைகளுடன் தாங்களும் ஏறிவந்த தாய்மாருக்கும் நாம் பெரிதும் கடமைப்பட்டுள்ளோம். முன்பு வட்டவிதானையாராக, அதாவது குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடும் பொறுப்பாளராக, இருந்த ஐயா சிறுகுளத்தின் அணைக்கட்டின் மேல் எம்மை நடத்திச் சென்று, நீரைத் திறந்துவிடும் துருசு எது, குளம் நிரம்பினால் மிகை நீர் வழியும் வான் எது, அலைகரை எது என்று தடியால் சுட்டிக் காட்டினார். பாடநூலில் ‘நீர்த்தேக்கம்’ என்ற ஒரே சொல்லுடன் நின்றிருந்த பிள்ளைகள் அன்று மாலைக்குள் பதினொரு சொற்களைத் தம் கொப்பிகளில் எழுதிக்கொண்டார்கள். ‘துருசு’ என்பதைத் ‘துறுசு’ என்று எழுதிய தரம் 3 மாணவன் ஒருவன், அதன் கீழே, “துருசு நாங்கள் திறக்கிறது, வான் குளம் தானே திறக்கிறது” என்று எழுதியிருந்தான். எழுத்துப் பிழையை மட்டும் திருத்தி, வசனத்தை அப்படியே சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

வியாழக்கிழமை, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கற்சிலைமடு நினைவுக்கல்லின் படத்தைக் கொண்டுவந்திருந்தார். 1803 ஒக்டோபர் 31 அன்று பிரித்தானியப் படையின் கப்டன் வொன் டிறிபேக், வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனை இவ்விடத்தில் தோற்கடித்தார் என்று அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. அதே ஆண்டு ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பண்டாரவன்னியன் கைப்பற்றிய வரலாற்றையும் அவர் சொன்னார். “எங்கட ஆக்களுக்கு விளங்காத பாசையில ஏன் ரீச்சர் எழுதினவை?” என்று ஒரு பிள்ளை கேட்டபோது, உடனே விடை சொல்லாமல், “நீங்கள் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்?” என்று திருப்பிக் கேட்ட அவருடைய பொறுமைக்குத் தனியே நன்றி. பிள்ளைகள் எழுதிய கல்வெட்டுகள் மண்டபச் சுவரில் உள்ளன, வந்து வாசியுங்கள்.

புலமைப்பரிசில் பரீட்சைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகளின் ஐந்து நாட்கள் வீணாகின்றன என்று சில பெற்றோர் வருந்தினார்கள். அந்தக் கவலை நியாயமானது. அப்படியிருந்தும் பிள்ளைகளை நாள் தவறாமல் அனுப்பிவைத்த அவர்களுக்கும் எமது நன்றி உரியது. ஐந்து நாளும் கஞ்சி காய்ச்சிய பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினரையும் மறக்கவில்லை.

இரவல் பெற்ற நூல்களுள் மூன்று, வெள்ளிக்கிழமை மழையில் யன்னலோரம் நனைந்துவிட்டன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய பிரதிகள் வாங்கி நூலகத்தில் ஒப்படைப்போம். நொச்சி கொண்டுவந்த அம்மம்மாவின் சாக்கு அலுவலகத்தில் பத்திரமாக இருக்கிறது.

இங்ஙனம்,
ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் சார்பில்,
தரம் 4 வகுப்பாசிரியை