கோடைப் படிப்புக்கு லண்டன் போகும் பிள்ளைகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

அரசியல் பேச்சுக்கலையும் நவீன வரலாறும் சேர்ந்த சில வாரப் படிப்புக்கு லண்டன் போக ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பிள்ளைகள் ஆசைப்படுவது மகிழ்ச்சி. ஆறு மாதத்துக்கு உட்பட்ட படிப்புக்கு, நிறுவனம் அங்கீகாரம் பெற்றிருந்தால், வருகையாளர் விசாவே போதும். பயணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இடறுவது வங்கிக் கணக்கில்தான். மீன் ஏலப் பணம் ரொக்கமாகவே கைமாறிவிடுகிறது. கடைசி வாரத்தில் கடன் வாங்கி மொத்தமாகப் போட்டால், எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்குப் பதில் இருக்காது, விசா மறுக்கப்படலாம். ஆறு மாதம் முன்பிருந்தே ஏலப் பணத்தைக் கணக்கில் போட்டு எடுங்கள். விற்பனைச் சீட்டுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது, தயாரிப்பு. 1940 ஜூன் 4 அன்று பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் காமன்ஸ் சபையில் (நாடாளுமன்றக் கீழவையில்) பேசிய உரையின் ஒலிப்பதிவைக் கேட்டு, அது அன்றைய குரல் என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பதிவு 1949-இல் செய்தது. சபைக் குறிப்பான ஹன்சார்டு இணையத்தில் இலவசம்; அதைப் படியுங்கள்.

நம் கடலிலேயே பாடம் உண்டு. கச்சத்தீவில் மீன்பிடி உரிமை முழுமையாகக் காக்கப்பட்டிருப்பதாக 1974 ஜூலை 23 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் மக்களவையில் சொன்னார். தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த 1974 ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவோ, மீனவரும் யாத்திரிகரும் தீவுக்கு 'வந்துபோகலாம்' என்கிறது. 'மீன்பிடித்தல்' என்ற சொல்லே அதில் இல்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் படித்துவிட்டு விமானம் ஏறுங்கள்.

வரலாற்று ஆசிரியர்கள் சிலர்,
மண்டபம்